புதுப்பிப்பு: கியோட்டோவில் கடைசியில் எங்கே தங்கினோம்

ஜப்பானின் கியோட்டோவில் நல்ல கைசெகி (பல சிறு தட்டுகளாக வரும் ஜப்பானிய மரபு விருந்து) சாப்பிட வேண்டும், ரயில் நிலையத்துக்கு அருகில் தங்கலாமா, நகர நடுவில் கடைத்தெருக்கள் உள்ள கவாராமச்சி பக்கம் போகலாமா என்று மார்ச்சில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கவாராமச்சிதான் எடுத்தோம்.

சரியான முடிவு. உணவகங்கள் நிறைந்த பொன்டோச்சோ சந்து, கமோ ஆறு, பாலம் தாண்டினால் பழைய கெய்ஷா பகுதியான கியோன், எல்லாம் நடக்கும் தூரம். கைசெகியில் ஒவ்வொரு தட்டாக வந்து முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அதன்பிறகு பேருந்துக்காக நிற்காமல் ஆற்றங்கரையில் மெதுவாக நடந்து அறைக்குத் திரும்பியது அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மே மாதம் என்பதால் உணவகங்கள் ஆற்றோரம் மரமேடை போட்டிருந்தார்கள். ஒரு இரவு அங்கேதான் சாப்பாடு.

ஆனால் தூரத்தைவிட ஹோட்டல் வரவேற்பறைதான் எங்களுக்குப் பெரிய உதவி. அம்மா சைவம். ஜப்பானியச் சமையலுக்கு அடிப்படையான தாஷி சாற்றில் பெரும்பாலும் கட்சுவோபுஷி என்ற உலர்மீன் சீவல் சேரும். அதனால் 'மீன் வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது. இரண்டு வாரம் முன்பே ஹோட்டலுக்கு எழுதினேன். அவர்களே உணவகங்களை ஜப்பானிய மொழியில் அழைத்துப் பேசினார்கள். முதல் இடம் முடியாது என்றது. இரண்டாவது இடம் கொம்பு என்ற கடற்பாசியும் ஷிதாகே காளானும் போட்டுத் தனியாகச் சாறு வைத்துத் தந்தது. யுபா என்ற சோயாப்பால் ஏட்டைப் பற்றி அம்மா இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

பெட்டிகளோடு அங்கே எப்படிப் போவது என்று கேட்டவருக்கு: கியோட்டோ நிலையத்திலிருந்து சுரங்க ரயிலில் இரண்டாவது நிறுத்தமான ஷிஜோவில் இறங்கினோம். அங்கிருந்து ஹோட்டலுக்கு டாக்ஸி எடுத்துக்கொண்டோம்.