ஓவர்டப்பிங்: ‘மேற்பதிவு’ வேண்டாம், ‘பின்பதிவு’ என்போமா?

அண்ணாச்சிக்கு வணக்கம். ஓவர்டப்பிங் என்னும் ஒலிப்பதிவு முறைக்குத் தமிழ்ச்சொல்லாக நீங்கள் எழுதியது இது:

> ஓவர்டப்பிங் = மேற்பதிவு. எளிது, எல்லாருக்கும் புரியும்.

எளிதுதான். புரிவது வேறு பொருள் என்பதுதான் என் கவலை. கேசட் புழங்கிய வீடுகளில் “அதுக்கு மேல பதிஞ்சிட்டான்” என்றால், இருந்த பாட்டு போய்விட்டது என்று அர்த்தம். ஓவர்டப்பிங்கிலோ பழையது அப்படியே இருக்க, புதியது நாடாவின் பக்கத்துத் தடத்தில் (ட்ராக்கில்) ஏறுகிறது.

1979-இல் வந்த டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ 144 என்ற நாலு தட ரெக்கார்டர், நாம் வாங்கும் அதே கேசட்டில்தான் ஓடியது. சாதாரண ரெக்கார்டர் பக்கத்துக்கு இரண்டு தடம் என்று பிரித்துக்கொள்ளும். இது நான்கையும் ஒரே திசையில், இருமடங்கு வேகத்தில் ஓட்டும். அதனால் 60 நிமிடக் கேசட்டில் 15 நிமிடம்தான் கிடைக்கும்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மச்சில் அப்படியொரு நாலு தட ரெக்கார்டர் இருந்தது. வில்லுப்பாட்டில் குடம் அடிக்கும் என் மாமா, முதலில் உடுக்கையை வாசித்துப் பதிவார். பிறகு ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொண்டே குடம், அப்புறம் ஜால்ரா. ஒரு நாள் மூன்றாம் தடத்துக்குப் பதில் முதல் தடத்தின் பொத்தானை அழுத்திவிட்டேன். உடுக்கை போயிற்று. நடந்தது அச்சு அசல் மேற்பதிவு. மாமா ஒன்றும் சொல்லாமல் மறுபடி உடுக்கையை எடுத்தார். எனக்கு இன்றும் அது உறுத்துகிறது.

அவர் செய்ததற்கு நம்மூரிலேயே சொல் இருக்கிறது: பின்பாட்டு. கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டுப் புலவர் அடியை விடுவார். பின்பாட்டுக்காரர் காதில் வாங்கி, தாளம் தவறாமல் எடுப்பார். முன்னதைக் கேட்டுப் பின்னதைச் சேர்ப்பது. எனவே பின்பதிவு.

மூன்று தடங்களைக் கலந்து நான்காவதில் ஏற்றி, மூன்றையும் காலியாக்குவதற்கு ‘ஒருதடமாக்கல்’ போதும். ஒவ்வொரு முறையும் நாடா இரைச்சல் கூடும், கலந்ததைப் பிரிக்கவும் முடியாது என்பதைக் குறிப்பில் சேர்த்துவிடலாம்.

---

தம்பி,

மேற்பதிவை விட்டுவிடுகிறேன், நீங்கள் சொல்வது சரி. ஆனால் பின்பாட்டு துணைக்குரல் அல்லவா? முக்கியமான குரலையே கடைசியில் பதிந்தால் அதையும் பின்பதிவு என்பீர்களா? ‘அடுக்குப்பதிவு’ எப்படி?

---

அண்ணாச்சி, என்பேன். ‘பின்’ இங்கே வரிசையைத்தான் சொல்கிறது, தகுதியை அல்ல. அடுக்கு என்பது முடிந்த பாட்டுக்குப் பொருந்தும். காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து வாசிக்கிறவரின் வேலையை அது சொல்லவில்லை. வினையாக்கிப் பாருங்கள்: “உடுக்கைக்குக் குடத்தைப் பின்பதிந்தார்.” ‘குடத்தை அடுக்குப்பதிந்தார்’ என்று வாய் வருமா? அடுக்குப்பதிவை மல்டிட்ராக் ரெக்கார்டிங் முழுமைக்கும் வைத்துக்கொள்வோம். அதற்கு இதைவிட நல்ல சொல் என்னிடம் இல்லை.