ஓஎஸ்டிஐ கேள்வித்தாள்: வண்டி ஓட்டாத ஆச்சிகளுக்கு மதிப்பெண் எப்படிப் போடுவது?

தேவகோட்டை_முகாம்:
காரைக்குடி, தேவகோட்டை, ஆத்தங்குடிப் பக்க முகாம்களில் கண் வறட்சி அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க ஓஎஸ்டிஐ (Ocular Surface Disease Index) கேள்வித்தாளைப் போடுகிறோம். 12 கேள்விகளில் இரவில் வண்டி ஓட்டுவது, கம்ப்யூட்டர் அல்லது ஏடிஎம், ஏசி அறை, இந்த மூன்றும் பல ஆச்சிகளுக்குப் பொருந்துவதே இல்லை. அங்கே 0 போடலாமா? அல்லது விறகடுப்புப் புகை, கண்டாங்கித் தறியில் இழை பார்ப்பது என்று மாற்றிக் கேட்கலாமா?

புள்ளிக்கணக்கு:
இரண்டும் வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் 0 (தொல்லை இல்லை) முதல் 4 (எப்போதும் தொல்லை) வரை புள்ளி. 0 என்றால் ‘அதைச் செய்கிறார், தொல்லை இல்லை’ என்று பொருள். செய்யாதவருக்கு ‘பொருந்தாது’ கட்டம் 6 முதல் 12 வரையிலான கேள்விகளில் இருக்கிறது. முதல் 5 அறிகுறிக் கேள்விகளுக்கு அது கிடையாது.

கணக்கு: மொத்தப் புள்ளி × 25 ÷ பதில் சொன்ன கேள்விகள். 9 கேள்விக்கு 14 புள்ளி என்றால் 38.9. மூன்று 0 சேர்த்து 12-ஆல் வகுத்தால் 29.2. வரம்பு 13–22 லேசானது, 23–32 நடுத்தரம், 33-உம் அதற்கு மேலும் கடுமை. அதே ஆச்சி கடுமையிலிருந்து நடுத்தரத்துக்கு இறங்கிவிடுவார், கண்ணில் ஒரு மாற்றமும் இல்லாமலே.

புகை, தறி பற்றித் தாராளமாகக் கேளுங்கள், ஆனால் தனித்தாளில். கேள்வியை மாற்றினால் இந்த வரம்புகள் செல்லாது.

தறிக்கண்:
‘பொருந்தாது’ போடும் முன் ஒன்று கேட்டாக வேண்டும்: “முன்னே படிப்பீகளா? இப்ப ஏன் விட்டீக?” எழுத்தே தெரியாதவர் வேறு, கண் எரிச்சலால் பேப்பரை ஒதுக்கியவர் வேறு. என் கருத்தில் இரண்டாமவருக்கு 4 போட வேண்டும். அதிகம் பாதிக்கப்பட்டவரே கணக்கிலிருந்து நழுவுவது இங்கேதான்.

விடைகளில் உள்ள ‘பாதி நேரம்’ என்பதும் பலருக்குப் பிடிபடாது. கேள்வித்தாள் கேட்பது கடந்த ஒரு வாரத்தைத்தான். “போன சந்தைக்கு அப்புறம்” என்று நாளைக் காட்டிவிட்டு, விடையை அவரே தேர்ந்தெடுக்க விடுங்கள். “ரொம்ப உறுத்துதா ஆச்சி?” என்று கேட்டால் “ஆமா” என்றுதான் வரும்!

தேவகோட்டை_முகாம்:
நன்றி. புரை உள்ளவர்களுக்கு மதிப்பெண் ஏறிவிடுகிறதே? சொட்டு மருந்துக்குப் பிறகு எவ்வளவு குறைந்தால் பலன் என்று எடுப்பது?

கோட்டையூர்_ஒளி:
ஏறத்தான் செய்யும். மங்கல், பார்வைக் குறைவு இரண்டும் அறிகுறிப் பகுதியிலேயே இருக்கின்றன; வாசிப்பதும் டிவியும் அடுத்த பகுதியில். புரை உள்ளவருக்கு டிஇக்யூ-5 என்ற 5 கேள்வித் தாளையும் கூடவே போடுங்கள். அசௌகரியம், வறட்சி, நீர் வடிதல் மட்டும் கேட்கும். மொத்தம் 22 புள்ளி, 6 வந்தாலே சந்தேகிக்கலாம். “கண்ணுல தண்ணியா வடியுது, வறட்சிங்கிறீக” என்பவரும் அதில் தப்பமாட்டார்: மேற்பரப்பு காய்ந்து உறுத்தும்போது கண் அனிச்சையாக நீரைக் கொட்டும்.

பலன் என்று சொல்ல ஓஎஸ்டிஐ சுமார் 7 முதல் 10 புள்ளி இறங்க வேண்டும். முதலில் கடுமையாக இருந்தவருக்கு 13 வரைகூட எதிர்பார்க்கலாம். இரண்டு முறையும் அதே கேள்விகளுக்குப் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். சித்திரை வெயிலில் முதல் தாள், ஐப்பசி மழையில் அடுத்தது என்றால் காற்று, வறண்ட இடம் பற்றிய கேள்விகளின் புள்ளி தாமாகவே இறங்கும். அதை மருந்தின் கணக்கில் எழுதாதீர்கள்.

புள்ளிக்கணக்கு:
வரிசையும் முக்கியம். தாள் முதலில், பிறகு ஃப்ளோரசின் சாயம் போட்டுக் கண்ணீர்ப்படலம் உடையும் நேரம், கண் மேற்பரப்பில் சாயம் பிடிக்கும் கறை, காகிதப் பட்டையால் கண்ணீரை அளக்கும் ஷிர்மர் கடைசி. 5 நிமிடம் காகிதப் பட்டையைச் செருகி எடுத்த கண்ணிடம் ‘உறுத்துகிறதா’ என்று கேட்டால் பட்டையின் உறுத்தலைத்தான் அளப்பீர்கள். தாளில் 45, பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றாலும் திகைக்க வேண்டாம். இந்த நோயில் அறிகுறியும் பரிசோதனை அளவும் சேர்ந்து நடப்பது குறைவு. பல வருடச் சர்க்கரைக்காரருக்குக் கருவிழி உணர்ச்சி மங்கியிருந்தால் நேர்மாறாகவும் வரும்: கறை நிறைய, புள்ளி 8. அவரைத் ‘தொல்லை இல்லை’ பட்டியலில் விட்டுவிடாதீர்கள்.