பிடி பீரியட்னாலே பயப்படுற பையனுக்கு என்ன பண்ணலாம்?

எல்லாருக்கும் வணக்கம், சிபிஎஸ்இ ஸ்கூல்ல பிள்ளைங்க படிக்கிறவங்க, பிடி சார், டீச்சரா இருக்கிறவங்க யாராவது இருந்தா கொஞ்சம் வழி சொல்லுங்க. என் பையன் ஆறாவது, படிப்புல பிரச்சனை இல்ல, ஆனா பிடி பீரியட் இருக்கிற நாள்னா காலைலயே வயித்து வலின்னு படுத்துக்கிறான். பந்தைப் போட்டா அது நெஞ்சுல பட்டதுக்கு அப்புறம்தான் ரெண்டு கையும் சேருது, ஷூ லேஸ் கட்டவும் இன்னும் நான்தான் வேணும். டாக்டர்கிட்ட காட்டினோம், இது சோம்பேறித்தனம் இல்லம்மா, கையும் காலும் சேர்ந்து வேலை செய்றதுல இருக்கிற சிரமம், டிசிடின்னு சொல்லுவாங்க, ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குற பயிற்சி, குடுங்கன்னாங்க, ஆரம்பிச்சுட்டோம்.

இப்ப ஸ்கூல்ல கேலோ இந்தியான்னு மத்திய அரசு திட்டத்துல நடத்துற ஃபிட்னஸ் டெஸ்ட் வருது, 50 மீட்டர், 600 மீட்டர், புஷ்-அப் எல்லாம் இருக்கு. 600 மீட்டர்ல ஓட முடியலன்னா நடக்கலாம்னு டெஸ்ட்லயே இருக்கு, ஆனா இவன் நடந்தா கிளாஸே சிரிக்குது, சார் வேற இன்னொரு ரவுண்டு ஓடுங்கிறார். தண்டனையா ஓட விட்டா எந்தப் பிள்ளைக்கு ஓட்டம் பிடிக்கும் சொல்லுங்க?

பிடியே வேணாம்னு லெட்டர் குடுக்க எனக்கு மனசில்ல, மத்த பிள்ளைங்களை விட இவனுக்குத்தான் அது அதிகமா தேவை, நீச்சல்னா அவ்ளோ ஆசையா போறான். தெரபிஸ்ட் லெட்டரை பிரின்சிபால்கிட்ட குடுக்கிறதா, முதல்ல சார்கிட்டயே நேரா பேசுறதா? வீட்ல பந்து பிடிக்கப் பழக்க, பலூன்ல ஆரம்பிச்சு பெரிய பந்துக்குப் போகச் சொல்லியிருக்காங்க, செஞ்சு பார்த்தவங்க இருக்கீங்களா? டெஸ்ட் அடுத்த மாசம், தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.