மாஸ்டடான் சர்வர் நடத்திய அனுபவம் யாருக்காவது உண்டா?

வணக்கம் நண்பர்களே. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்துக்காரர்களுக்காகப் புயல் கூண்டு எண், காற்று நிலவரம், இறால், நண்டு விலை எல்லாம் போட ஒரு பக்கம் வைத்திருந்தோம். அதை ஒரு பெரிய சமூக வலைத்தளம் காரணமே சொல்லாமல் முடக்கிவிட்டது. சரி, யார் வேண்டுமானாலும் சொந்த சர்வரில் சமூக வலைத்தளம் நடத்த உதவும் மாஸ்டடான் மென்பொருளை வைத்து நாமே ஒரு சர்வர் போடலாம் என்று இறங்கியிருக்கிறோம்.

இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018-இல் ஏற்ற, சர்வர்கள் ஒன்றோடொன்று பேச உதவும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையில் மாஸ்டடான் ஓடுவதால், வேறு சர்வரில் இருப்பவரும் எங்களைப் பின்தொடரலாம். அது பிடித்திருக்கிறது. ஆனால் நாளைக்கு வேறு சர்வருக்கு மாறினால் பின்தொடர்பவர்கள்தான் கூட வருவார்கள், பழைய பதிவுகள் வராது.

பெரிய கவலை மட்டுறுத்தல்தான், அதாவது தப்பான பதிவுகளைக் கவனித்து நீக்குவது. படகு பிடிபட்ட இரவில் வதந்தி எப்படிப் பறக்கும் என்பது இந்தக் கரைக்காரர்களுக்குத் தெரியும். கைதானவர் பெயர், வீட்டு விவரம் எல்லாம் உறுதியாகும் முன்பே சுற்ற ஆரம்பித்துவிடும். எங்கள் சர்வரில் நீக்கினால் மற்ற சர்வர்களுக்கும் நீக்கச் சொல்லித் தகவல் போகும். அவர்கள் நீக்குவார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ராத்திரி முழுக்க யார் விழித்திருந்து பார்ப்பது? இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

அப்புறம், வெளி சர்வர்களிலிருந்து வந்து சேரும் படங்களும் வீடியோவும் இடத்தை அடைக்கிறதாமே, எத்தனை நாளுக்கு ஒருமுறை அழிக்கிறீர்கள்? சின்னக் குழுவுக்கு சர்வரில் எவ்வளவு ராம் (நினைவகம்) போதும்? இதெல்லாம் வேண்டாம், ஏற்கெனவே உள்ள ஒரு சர்வரில் கணக்கு தொடங்கினாலே போதும் என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருக்கும் அந்த நேரத்தில் செயலியைச் சொல்லிக்கொடுக்க நினைக்கிறோம். அதற்கு முன்னால் பதில் கிடைத்தால் நல்லது.