‘வாங்கு’ என்று அழுத்தி வாங்கிய படம் எப்படிக் காணாமல் போகிறது?

பழையவட்டு:
பத்து வருடங்களாக ஒரே இணையக் கடையில் 61 படங்கள் வாங்கிச் சேர்த்திருக்கிறேன். வாடகை மலிவுதான். திரும்பத் திரும்பப் பார்க்கிறவன் என்பதால் முழு விலை கொடுத்தேன். போன வாரம் மகளுக்குக் காட்டலாம் என்று தேடினால் மூன்று படங்கள் பட்டியலிலேயே இல்லை. தயாரிப்பாளருடன் இருந்த ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். என் அலமாரியில் இருக்கும் டிவிடியை யாராவது வந்து எடுத்துப் போக முடியுமா? மனசே ஆறவில்லை.

வரிக்குவரி:
விதிமுறையில் ‘உரிமம்’ என்றுதான் இருக்கும், அதாவது பார்க்க அனுமதி மட்டும், சொந்தம் அல்ல. மைக்ரோசாப்ட் 2019இல் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய நூல்களும் திறக்காமல் போயின. பணத்தையாவது திருப்பித் தந்தார்கள். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், உரிமத்தை விற்றுவிட்டு ‘வாங்கு’ என்று மட்டும் போட முடியாது, உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ளும்படி கோப்பைக் கொடுத்தால் அந்தக் கட்டாயம் இல்லை.

கணக்குப்பிள்ளை:
மின்னூல் விற்பனையில் சில காலம் கணக்குப் பார்த்தவன் நான். வரவு ஒரே முறை. சர்வர் செலவோ நீங்கள் கேட்கும் காலம் வரை. பழைய வாடிக்கையாளரைப் புதியவரின் பணம்தான் தாங்குகிறது. விற்பனை படுத்தால் கடை கைவிடும். ஆனால் கோப்பையே கையில் கொடுத்துவிட்டால் இந்தச் செலவு அவர்களுக்கு எதற்கு?

பலரும் கவனிக்காதது மறுவிற்பனை. 100க்கு வாங்கிய டிஸ்க்கை 40க்கு விற்றால் உங்கள் செலவு 60தான். டிஜிட்டலில் அந்த 40 திரும்ப வராது. பழைய மென்பொருள் உரிமத்தை விற்கலாம் என்று 2012இல் சொன்ன ஐரோப்பிய நீதிமன்றமே, 2019இல் மின்னூலுக்கு அதை மறுத்தது. கோப்பு தேயாது, பழையதும் புதியதும் ஒன்றுதான், ஆகவே புது விற்பனை அடிபடும் என்பது வாதம். சரி, ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் விலையில் அந்த 40ஐக் குறைக்க வேண்டாமா?

பழையவட்டு:
இந்த 40 எனக்குத் தோன்றவே இல்லை. அப்புறம், நகலெடுக்க விடாத பூட்டு இல்லாத கோப்பாகவே தருகிற கடை ஏதும் உண்டா?

வரிக்குவரி:
பாட்டுக்கு உண்டு, ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை 2009லேயே பூட்டை எடுத்துவிட்டது. கணினி விளையாட்டுகளுக்கு ஜிஓஜி என்ற கடை. பெரிய நிறுவனப் படங்களுக்கு டிஸ்க்தான். அந்த மூன்றையும் பழைய டிஸ்க்காகத் தேடுங்கள். மிச்சமுள்ள 58இல் இறக்க முடிகிறவற்றை இன்றே இறக்கிவிடுங்கள். பூட்டோடு வந்தால் அது காப்பு ஆகாது.