ஐபோனிலிருந்து நடுத்தர விலை ஆண்ட்ராய்டுக்கு: மாறிப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

மதுரை உறுப்பினர்:

ஐபோன் 5எஸ் காலத்திலிருந்து வேறு எந்தக் கைப்பேசியையும் கையில் எடுக்காதவன் நான். கடைசியாக வைத்திருந்தது ஐபோன் 11. அதன் பேட்டரி தளர்ந்துபோய், மாலை ஆவதற்குள் சார்ஜரைத் தேடும் நிலை வந்தபோது புதிய மாடலின் விலையை விசாரித்தேன். 2019இல் ஐபோன் 11 இந்தியாவில் 64,900 ரூபாய்க்கு அறிமுகமானது. 2024இல் வந்த ஐபோன் 16இன் தொடக்க விலை 79,900 ரூபாய். பேசுவதற்கும், வாட்ஸ்அப்புக்கும், வங்கிச் செயலிகளுக்கும், பிள்ளைகளைப் படம் எடுப்பதற்கும் இவ்வளவு கொடுக்க வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருந்ததால், இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குள் ஓர் ஆண்ட்ராய்டு கைப்பேசியை வாங்கினேன். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அந்த நிறுவனத்தைப் பற்றியதாகத் திரும்பிவிடும். நான் எழுதுவதோ இந்த விலையில் கிடைக்கும் பலவற்றுக்கும் பொருந்தக்கூடியது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். திரை என்னை வியக்க வைத்தது. ஐபோன் 11இன் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவது. இதுவோ 120 முறை, அதனால் நகர்த்தும்போது காட்சி தடங்கலின்றி வழுக்கிப் போகிறது. அந்த வேகம் ஐபோனில் 2021இல் 13 ப்ரோ மாடல்களில்தான் முதன்முதலாக வந்தது, சாதாரண மாடலுக்கு வந்துசேர 2025இன் ஐபோன் 17 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சார்ஜரும் பெட்டிக்குள்ளேயே இருந்தது. காலையில் குளித்துக் கிளம்புவதற்குள் பாதிக்கு மேல் ஏறிவிடுகிறது. டைப்-சி கேபிள் என்பதால் உறவினர் வீட்டுக்குப் போனால் ‘ஐபோன் சார்ஜர் யாரிடமாவது இருக்கிறதா’ என்று கேட்டு அலைய வேண்டியதில்லை.

இனி மாற்றத்தின் கடினமான பகுதி. வாட்ஸ்அப் உரையாடல்களின் காப்புப் பிரதி ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுடில் இருந்தால் அதை ஆண்ட்ராய்டில் நேரடியாக மீட்டெடுக்க முடியாது. இரண்டு கைப்பேசிகளையும் கேபிளால் இணைத்து, புதியதை முதன்முதலாக அமைக்கும் நேரத்திலேயே உரையாடல்களை நகர்த்திவிடுவதுதான் பத்திரமான வழி. யுபிஐ செயலிகள் ஒவ்வொன்றையும் மறுபடி பதிவு செய்ய வேண்டும். அந்த எண்ணுக்குரிய சிம் இந்தக் கருவியில்தான் இருக்கிறது என்று உறுதிசெய்ய, அதிலிருந்து ஒரு குறுஞ்செய்தி போயாக வேண்டும். ஐபோனில் அந்தச் செய்தி எழுதப்பட்ட நிலையில் திரையில் வந்து நிற்கும், அனுப்பும் பொத்தானை நாம்தான் அழுத்த வேண்டும். ஆண்ட்ராய்டில் செயலி ஒருமுறை அனுமதி கேட்டது, கொடுத்தேன், செய்தி தானாகவே போய்விட்டது. வசதிதான். ஆனாலும், அனுமதி என்று ஒன்றைக் கொடுத்துவிட்டால் செயலிகள் இங்கே எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பது அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது. இன்னொன்று: கருவியை மாற்றியதும் முதல் 24 மணி நேரத்துக்கு யுபிஐயில் பணம் அனுப்பும் வரம்பு குறைவாக இருக்கும், பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய நாளில் கைப்பேசியை மாற்றாதீர்கள்.

தமிழில் தட்டச்சு செய்வோருக்காக ஒரு செய்தி. 2013இல் ஐஓஎஸ் 7 வந்ததிலிருந்து தமிழ்99 (தமிழ் எழுத்துகளுக்கென அமைந்த விசை வரிசை), அஞ்சல் (ஆங்கில எழுத்துகளால் ஒலிப்படி தட்டுவது) ஆகிய இரு விசைப்பலகைகளும் ஐபோனிலேயே உள்ளன. நான் தமிழ்99இல் பழகியவன். புதிய கைப்பேசியில் இருந்த ஜிபோர்டு என்ற கூகுள் விசைப்பலகையில் தமிழ் எழுத்துகள் வேறு வரிசையில் அமைந்திருந்ததால் என் விரல்கள் தடுமாறின. செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலியை நிறுவியதும் பழைய விசை வரிசை அப்படியே கிடைத்துவிட்டது. அதே சமயம் ஜிபோர்டில் தமிழில் பேசினால் அது எழுத்தாக மாறும் நேர்த்தியைப் பார்த்தபின், நீண்ட செய்திகளுக்கு இப்போது பேசுவதையே விரும்புகிறேன்.

என்னை உண்மையில் சோதித்தது பின்னணிச் செயலிகள்தான். மகளின் பள்ளிக் குழுவில் காலையில் வந்த அறிவிப்பு, செயலியைத் திறந்த பிறகே என் திரையில் தெரிந்தது. பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக, நாம் சிறிது நேரம் தொடாத செயலிகளைக் கைப்பேசி உறங்க வைத்துவிடுகிறது. அமைப்புகளுக்குள் போய், பேட்டரிப் பகுதியில் வாட்ஸ்அப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கிய பிறகு இந்தத் தொல்லை தீர்ந்தது. அதேபோல, கைப்பேசியோடு வந்த சில செயலிகள் விளம்பரங்களை அறிவிப்புகளாக அனுப்பிக்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றையும் நீளமாக அழுத்தி அறிவிப்பை நிறுத்தினேன். நீக்க முடிந்தவற்றை நீக்கினேன். ஐபோனில் இத்தகைய முடிவுகளில் பெரும்பாலானவற்றை ஆப்பிள் நமக்காக எடுத்துவிட்டிருக்கும், அது நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். இங்கே முடிவு நம் கையில். மிச்சமான பணத்தில் ஒரு பங்குக்கு ஈடாக இந்தக் கவனத்தைச் செலவழிக்கிறோம் என்றே கணக்கிடுகிறேன்.

கேமராவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், பகல் வெளிச்சத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாலையில் வீட்டுக்குள் ஓடும் குழந்தையை எடுத்தால், பொத்தானை அழுத்தியதற்கும் படம் பதிவாவதற்கும் இடையில் குழந்தை சட்டகத்தை விட்டே போய்விடுகிறது. எங்கள் எல்லோரையும் இரண்டு நிறம் வெளுப்பாகக் காட்டும் ‘அழகூட்டல்’ முன்கேமராவில் தானாகவே இயங்கிக்கொண்டிருந்தது. அதை அணைத்தபின் முகம் முகமாகத் தெரிகிறது. மிக அருகிலிருந்து படம் எடுக்க மேக்ரோ என்று இருக்கும் 2 மெகாபிக்சல் லென்ஸ் விளம்பரத்தில் எண்ணிக்கை காட்டுவதற்காக வைத்தது என்பது என் கருத்து.

ஈரோடு உறுப்பினர்:

நான் மாறிவிட்டு மீண்டும் ஐபோனுக்கே திரும்பியவன். கைப்பேசியில் எனக்கு எந்த மனக்குறையும் இருக்கவில்லை. முந்தைய பக்கத்துக்குத் திரும்ப இரண்டு ஓரங்களிலிருந்தும் திரையை இழுக்கலாம் என்ற ஒரு வசதியை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். ஐபோனில் இடமிருந்து வலமாக மட்டும்தான் இழுக்க முடியும், அதுவும் சில செயலிகளில் வேலை செய்யாது. என்னைத் திரும்ப வைத்தது கையில் கட்டியிருந்த ஆப்பிள் வாட்ச். அது ஆண்ட்ராய்டோடு இணையவே இணையாது. ஏர்பாட்ஸ் சாதாரண புளூடூத் காதொலிப்பான்களாக வேலை செய்தன, அதில் சிக்கல் இல்லை. ஆனால் வாட்சை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு வேறொன்று வாங்க வேண்டும், ஐகிளவுடில் குடும்பத்தோடு பகிர்ந்துகொண்டிருந்த படத்தொகுப்பை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும், மனைவியையும் அதற்குப் பழக்க வேண்டும் என்றானபோது, மிச்சப்படுத்திய தொகை அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. தனியாக இருப்பவர், வாட்ச் இல்லாதவர், கணினியில் விண்டோஸ் வைத்திருப்பவர் என்றால் தயக்கமின்றி மாறலாம். கேபிளைச் செருகி, கைப்பேசித் திரையில் கோப்புப் பரிமாற்றம் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஆண்ட்ராய்டு கைப்பேசி பென்டிரைவ் மாதிரி திறந்துகொள்கிறது. கோப்புகளை இழுத்துப் போட்டால் போதும்.

சென்னை உறுப்பினர்:

மதுரை நண்பர் அனுமதிகளைப் பற்றி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பல ஆண்டுகள் ஐபோன் வைத்திருந்த என் மாமனாருக்கு நான்தான் ஆண்ட்ராய்டு வாங்கிக் கொடுத்தேன். சில வாரங்களில், கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் அவருக்கு ஒரு கோப்பு வந்தது. கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்திருந்தது, அதாவது அது பத்திரிகையே அல்ல, நிறுவக்கூடிய ஒரு செயலி. இப்படி வரும் செயலிகள் குறுஞ்செய்திகளைப் படித்து ஓடிபி எண்களைத் திருடுகின்றன என்று பல மாநிலக் காவல்துறையினர் எச்சரித்துள்ளனர். ஐபோனில் அந்தக் கோப்பை எத்தனை முறை தட்டினாலும் ஒன்றும் நடக்காது. ஆண்ட்ராய்டில் எச்சரிக்கை வரும், ஆனால் எச்சரிக்கையைக் கடந்து போகவும் வழி இருக்கிறது. நல்லவேளையாக அவர் என்னைக் கேட்டார். ‘யார் வீட்டுக் கல்யாணம் மாப்பிள்ளை, பத்திரிகை திறக்கமாட்டேன் என்கிறதே’ என்றார். அன்றே அவருடைய கைப்பேசியில் வாட்ஸ்அப்புக்கும் பிரவுசருக்கும் ‘அறியப்படாத செயலிகளை நிறுவுதல்’ என்ற அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து உறுதிசெய்தேன். வயதானவர்களை ஐபோனிலிருந்து மாற்றுவோர் முதல் நாளே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

மதுரை உறுப்பினர்:

இரண்டு பேருக்கும் நன்றி. ‘எத்தனை ஆண்டு புதுப்பிப்பு வரும்’ என்று தனிச்செய்தியில் கேட்டவருக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். 2019இல் வந்த ஐபோன் 11க்கு 2025இன் ஐஓஎஸ் 26 கிடைத்தது. இந்த நீளத்தை மலிவான ஆண்ட்ராய்டில் முன்பு எதிர்பார்க்க முடிந்ததில்லை. நிலைமை மாறிவருகிறது. கேலக்ஸி ஏ16 5ஜி போன்ற விலை குறைந்த மாடலுக்கே ஆறு ஆண்டுகள் என்று சாம்சங் அறிவித்தது, பிக்சல் 8ஏ மாடலுக்கு ஏழு ஆண்டுகள் என்று கூகுள் அறிவித்தது. எல்லா நிறுவனங்களும் அப்படி இல்லை என்பதால், வாங்கும் முன் ராம், மெகாபிக்சல் ஆகியவற்றைப் பார்ப்பதற்கு முன்பே இந்த வாக்குறுதியைத் தேடிப் படியுங்கள். மாறுவதற்கு முந்தைய இரவு ஐபோனில் ஐமெசேஜை (ஆப்பிளின் செய்திச் சேவையை) அணைத்துவிட்டுச் சிம்மைக் கழற்றுங்கள். அணைக்காமல் விட்டால், ஐபோன் வைத்திருக்கும் நண்பர்கள் அனுப்பும் செய்திகள் புதிய கைப்பேசிக்கு வராமலேயே போகலாம். மறந்துபோய் ஐபோனை விற்றும் விட்டீர்கள் என்றால், ஆப்பிளின் இணையதளத்தில் எண்ணைக் கொடுத்து, வரும் குறியீட்டைப் பதிந்து அந்தப் பதிவை நீக்கிக்கொள்ளலாம்.