ஓய்வுக்குப் பின்னும் அமெரிக்க முதியோரின் சேமிப்பு ஏன் கரைவதில்லை?

கேள்வி: பொருளியல் முதுகலை மாணவி

வணக்கம். ஆய்வேட்டுக்காக, பிராங்கோ மொடிக்லியானியும் ரிச்சர்ட் பிரம்பர்க்கும் 1954இல் முன்வைத்த வாழ்க்கைச் சுழற்சிக் கோட்பாட்டைப் படித்துவருகிறேன். உழைக்கும் காலத்தில் சேர்த்ததை ஓய்வுக் காலத்தில் எடுத்துச் செலவிடுவார்கள், ஆயுள் முடியும் தறுவாயில் கையிருப்பும் தீர்ந்திருக்கும் என்பதே அதன் சாரம். 1985இல் மொடிக்லியானிக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இதற்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அமெரிக்கத் தரவுகளில், வசதியான முதியவர்கள் எண்பது, தொண்ணூறு வயதிலும் கணிசமான சொத்தோடு இருக்கிறார்கள். மரியகிறிஸ்டினா டி நார்டி, எரிக் பிரெஞ்ச், ஜான் ஜோன்ஸ் ஆகியோர் 2010இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு மருத்துவச் செலவைக் காரணமாகக் காட்டுகிறது. 65 வயதைக் கடந்தோரில் பெரும்பாலோருக்கு மெடிக்கேர் என்ற அரசுக் காப்பீடு இருக்கும்போது, அந்தச் செலவுக்கு இவ்வளவு அஞ்சுவானேன்? பிள்ளைகளுக்காக வைத்திருக்கிறார்கள் என்பதே இயல்பான விளக்கமாக எனக்குப் படுகிறது. தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: அமெரிக்காவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிபவர்

உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு என் பணியிடத்திலிருந்தே பதில் சொல்ல முடியும். மெடிக்கேர் மருத்துவமனைச் செலவையும் மருத்துவர் கட்டணத்தையும் பெருமளவு ஏற்கிறது. ஆனால் குளிப்பாட்டவும் உடை மாற்றவும் உணவூட்டவும் ஆள் தேவைப்படும் நீண்டகாலப் பராமரிப்பை அது ஏற்பதில்லை. மருத்துவமனையில் மூன்று நாளாவது உள்நோயாளியாக இருந்துவிட்டு, செவிலியர் சிகிச்சை தேவைப்பட்டு எங்களைப் போன்ற இல்லத்துக்கு வருபவருக்கு, மெடிக்கேர் ஒருமுறைக்கு அதிகபட்சம் 100 நாட்கள்தான் துணைநிற்கும். அதிலும் முதல் 20 நாட்களுக்கு மட்டுமே முழுச் செலவு, 21ஆம் நாளிலிருந்து நோயாளியும் தினந்தோறும் ஒரு பங்கு கட்ட வேண்டும். மறதி நோய் முற்றி, ஆண்டுக்கணக்கில் தங்க நேர்பவரின் செலவு அவர் தலையிலேயே விழுகிறது.

கையிருப்பு தீர்ந்த பிறகுதான் மெடிக்கெய்ட் என்ற ஏழைகளுக்கான திட்டம் துணைக்கு வரும். பல மாநிலங்களில், தனியாக வாழும் ஒருவரிடம் 2,000 டாலருக்கு மேல் கணக்கில் சேரும் சொத்து இருந்தால் தகுதி கிடையாது. குடியிருக்கும் வீட்டுக்குத் தனி விதிகள் உண்டு. கடந்த ஐந்து ஆண்டுகளில் பிள்ளைகளுக்குப் பணமோ சொத்தோ எழுதிக்கொடுத்திருந்தால் அதையும் தோண்டிப் பார்ப்பார்கள். ஒரு மூதாட்டி ஐந்தாண்டு வங்கிக் கணக்குத் தாள்களைச் செருப்புப் பெட்டி ஒன்றில் அடுக்கி, ஆண்டுவாரியாக ரப்பர் வளையம் போட்டு என் மேசைக்குக் கொண்டுவந்தார். பேரனின் பட்டமளிப்புக்குக் கொடுத்த காசோலைக்கு எதிரே, அது என்ன செலவு என்று பென்சிலால் குறித்திருந்தார். வாழ்நாளெல்லாம் சிக்கனமாக இருந்த அவர், அந்தக் குறிப்பை எனக்கு விளக்கிச் சொல்ல நேர்ந்ததில் கூனிக்குறுகிப் போனார். அந்த மேசைக்கு வந்து உட்காரும் நிலை வரக் கூடாது என்பதற்காகவே பலர் காசை இறுகப் பிடித்திருக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

மறுமொழி 2: கல்லூரிப் பொருளியல் ஆசிரியர்

மேலே எழுதியவருக்கு நன்றி. மாணவிக்கு முதலில் ஓர் எச்சரிக்கை. ஓர் ஆண்டின் தரவில் 75 வயதினரையும் 90 வயதினரையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, சொத்து கரையவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வசதியுள்ளவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள், வறியவர்கள் முன்பே இறந்துவிடுகிறார்கள். எண்பது வயதில் பத்துப் பேர் இருந்து, அவர்களில் சொத்தில்லாத ஐந்து பேர் இறந்துபோனால், எஞ்சிய ஐவர் ஒரு காசும் சேர்க்காமலேயே சராசரி ஏறிவிடும். டி நார்டி குழுவினர் இந்தப் பிழைக்கு இடம் கொடுக்காமல், மனைவியோ கணவரோ இல்லாமல் தனியாக வாழும் ஓய்வுபெற்றவர்களை எடுத்துக்கொண்டு, அதே நபர்களை ஆண்டுகள்தோறும் தொடர்ந்தார்கள். அவர்களுடைய மதிப்பீட்டின்படி, நோயுற்ற, வருமானம் குறைந்த 70 வயது ஆணுக்கு எஞ்சியிருப்பது ஏறத்தாழ 6 ஆண்டுகள். நலமுள்ள, வசதியான அதே வயதுப் பெண்ணுக்கு 15 ஆண்டுகளுக்கும் மேல்.

அந்தப் பெண்ணின் இடத்திலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். தொண்ணூறைத் தாண்டி வாழும் வாய்ப்பு அவருக்கு அதிகம், அந்த வயதில் கையிலிருந்து கட்ட வேண்டிய மருத்துவச் செலவும் மிக அதிகம், வருமானம் உயர உயர அந்தச் செலவும் உயர்கிறது. செலவிடாமல் வைத்திருப்பது அவருக்கு அறிவான செயல்தான். வருமானம் குறைந்தவர்களோ, அரசு உதவி தாங்கிக்கொள்ளும் என்பதால், குறைந்த சேமிப்புடனே இருந்துவிடுகிறார்கள். அந்த உதவியைக் குறைத்தால் வசதியுள்ளவர்களும் கூடுதலாகச் சேமிக்கத் தொடங்குவார்கள் என்று அவர்களின் பொருளியல் கணக்கு மாதிரி காட்டுகிறது. ஏழைகளுக்கான திட்டம் மேல்தட்டினருக்கும் காப்பாக நிற்கிறது என்ற இந்த முடிவைத்தான் அந்தக் கட்டுரையில் நான் மிகவும் மதிக்கிறேன்.

மறுமொழி 3: ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். "சொத்து" என்று ஒரே சொல்லால் குறித்தால் வீடும் வங்கி இருப்பும் கலந்துவிடும். ஜேம்ஸ் பொட்டர்பா, ஸ்டீவன் வெண்டி, டேவிட் வைஸ் ஆகியோர் இறப்புக்கு முன் எடுக்கப்பட்ட கடைசிக் கணக்கெடுப்பைப் பார்த்தபோது, ஏறத்தாழ 46 விழுக்காட்டினரிடம் நிதிச் சொத்து 10,000 டாலருக்கும் குறைவாகவே இருந்தது. அவர்களில் பலருக்கு சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியம்தான் வாழ்வாதாரம். ஆகவே கரையாத சேமிப்பு என்பது எல்லா முதியோரின் கதையும் அன்று. வீட்டைப் பொறுத்தவரை, அன்றாடச் செலவுக்காக அதை விற்பவர்கள் குறைவு; துணையின் மரணமோ பராமரிப்பு இல்லத்துக்குப் போக வேண்டிய கட்டாயமோ வந்த பிறகுதான் பெரும்பாலும் விற்கிறார்கள் என்று வெண்டியும் வைஸும் காட்டியிருக்கிறார்கள்.

கேள்வி கேட்ட மாணவி

மூவருக்கும் மிக்க நன்றி. செருப்புப் பெட்டியைப் பற்றிப் படித்த பிறகு என் கேள்வியையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. செலவுக்கு அஞ்சி வைத்திருப்பதையும் வாரிசுகளுக்காக வைத்திருப்பதையும் தரவைக் கொண்டு பிரித்தறிய முடியுமா, ஐயா?

மறுமொழி 2: கல்லூரிப் பொருளியல் ஆசிரியர்

சொத்துத் தரவு ஒன்றை மட்டும் வைத்துப் பிரிப்பது மிகக் கடினம் அம்மா, ஏனென்றால் அதே பணம்தான் இரண்டு வேலையையும் செய்கிறது. நோய் வந்தால் செலவாகும், வராவிட்டால் பிள்ளைகளுக்குப் போகும். கேரன் டைனன், ஜொனாதன் ஸ்கின்னர், ஸ்டீபன் செல்டஸ் ஆகியோர் 2002இலேயே இதை வலியுறுத்தினார்கள்.

ஆகவே பிற்காலத்தவர்கள் வேறு சான்றுகளைத் தேடினார்கள். ஜான் அமெரிக்ஸ், ஆண்ட்ரூ கேப்ளின் உள்ளிட்டோர், இன்ன தொகையைப் பராமரிப்புக்கும் வாரிசுக்கும் எப்படிப் பங்கிடுவீர்கள் என்பது போன்ற கற்பனைச் சூழல்களை முன்வைத்து மக்களிடமே கேட்டார்கள். 2011இல் வெளிவந்த அந்த ஆய்வில், அரசுச் செலவிலான பராமரிப்பைத் தவிர்க்கும் விருப்பம் வலுவாகத் தெரிந்தது. அதே நேரத்தில், வாரிசுகளுக்கு விட்டுச்செல்லும் விருப்பமும் நடுத்தர வர்க்கம்வரை பரவியிருப்பது தெரியவந்தது. லீ லாக்வுட் 2018இல் இன்னொரு கோணத்தைக் காட்டினார். செலவு பற்றிய அச்சம் மட்டுமே காரணமென்றால், நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைப் பலரும் வாங்கியிருக்க வேண்டும், ஆனால் வாங்குவோர் சிறுபான்மையினரே. மிஞ்சும் பணம் பிள்ளைகளுக்குச் சேரும் என்ற நிறைவு இருப்பதால், காப்பீட்டை நாடாமல் தாமே சேர்த்துவைத்துத் தம்மைக் காத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் வாதம். உங்கள் முதல் உள்ளுணர்வை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆய்வேட்டுக்கு, மிச்சிகன் பல்கலைக்கழகம் 1992இல் தொடங்கி ஈராண்டுக்கு ஒருமுறை நடத்திவரும் ஆரோக்கியம், ஓய்வு பற்றிய ஆய்வுத் தரவைப் பயன்படுத்துங்கள். பங்கேற்றவர் இறந்துவிட்டால், பிள்ளைகளிடமோ நெருங்கிய உறவினரிடமோ ஒரு நிறைவு நேர்காணல் எடுக்கிறார்கள். கடைசிக் காலச் செலவு எவ்வளவு, எஞ்சியது யாருக்குப் போனது என்பதெல்லாம் அதில் பதிவாகிறது. அந்தக் கோப்பைத் திறந்து, முதலில் பிள்ளைகள் இல்லாதவர்களைத் தனியே பிரித்து, அவர்கள் விட்டுச்சென்ற தொகையைப் பாருங்கள்.